ஒன்னரை கிரவுண்டு காலி இடம்: தனிப்பாத்தியா, பொதுத்தோட்டமா, குட்டிக்காடா?

எங்க நகர் லேஅவுட் போட்டப்போ பூங்காவுக்குன்னு ஒதுக்குன இடம் ஒன்னரை கிரவுண்டு, 3,600 சதுர அடி, இத்தனை வருஷமா சும்மாவே கிடக்கு. தாம்பரம் தாண்டிட்டா பாதி நகர்ல இப்படி ஒன்னு பாக்கலாம், ஒரு மூலைல டிரான்ஸ்பார்மர், இன்னொரு மூலைல யாரோ வீடு கட்டி முடிச்சு விட்டுட்டுப்போன ஜல்லி, நடுவுல சீமைக்கருவேலம், மழைன்னா தண்ணி நிக்கும், எலக்‌ஷன்னா பந்தல் நிக்கும். போன மாச சங்கக் கூட்டத்துல ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சார் எழுந்து, பசங்க எந்நேரமும் செல்லுலயே கிடக்குதுங்க, மழைத்தண்ணி எங்க போகுது, குப்பை எங்க போகுதுன்னு ஒன்னும் தெரியாமயே வளருதுங்க, இந்த இடத்துல தோட்டம் மாதிரி ஏதாவது போட்டு அதுங்களுக்கும் நமக்கும் சேர்த்து கத்துக்கலாமேன்னு ஆரம்பிச்சு வெச்சார். அவ்ளோதான், பத்து நிமிஷத்துல நாலு கட்சி. வீட்டுக்கு ஒரு பாத்தி பிரிச்சுக் கொடுங்கன்னு ஒரு கட்சி, பின்னாடி இருக்குற அரசுப் பள்ளிக்கூடப் பசங்களையும் சேர்த்துக்கிட்டு ஒரே பொதுத்தோட்டம்னு ஒரு கட்சி, மியாவாக்கி காடு, அதாவது கன்னுங்கள நெருக்கி நட்டு வளர்க்குற குட்டிக்காடு, வெச்சா ஒரு தடவை செலவோட முடிஞ்சுதுன்னு ஒரு கட்சி. நாலாவது கட்சி, எல்லாருக்கும் மாடித்தோட்டப் பை வாங்கிக் கொடுத்துட்டு அந்த இடத்த பார்க்கிங்குக்கு விட்டுடலாம்னு சொல்லுச்சு, அதுல அவங்க மனசுல இருந்தது ரெண்டாவது பாதிதான்னு எல்லாருக்கும் தெரியும்.

நாலையும் ஒப்பிட்டு எழுதிக் கொடுன்னு என் தலைல கட்டிட்டாங்க. நான் ஏற்கனவே ரெண்டு தோட்டத்துல கை வெச்ச ஆள், ஒன்னு நாசமாப் போச்சு, ஒன்னு ஓரளவு ஓடுச்சு, அந்தத் தகுதிதான். இதே மாதிரி இடத்த வெச்சுக்கிட்டு முழிக்கிறவங்க வேற நகர்லயும் இருப்பீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

மொதல்ல இடம் யாரோடதுன்னு பேசிடுவோம், ஏன்னா எல்லாரும் கடைசியா பேசுறது இதத்தான். நம்ம ஊரு விதிப்படி லேஅவுட் 3,000 சதுர மீட்டரத் தாண்டிட்டா ரோடு போக மீதில பத்து பர்சென்ட் இடத்த ஓஎஸ்ஆர்னு, அதாவது பொது உபயோகத்துக்கான திறந்த இடம்னு, விடணும், 10,000 வரைக்கும் இடத்துக்குப் பதிலா பணம் கட்ட வழி உண்டு, அதுக்கு மேலன்னா இடமாவேதான் கொடுத்தாகணும். எங்க லேஅவுட் ரோடு போக 36,000 சதுர அடி, கிட்டத்தட்ட 3,345 சதுர மீட்டர், நூலளவுல கோட்டைத் தாண்டிருக்கு, புரோமோட்டர் இடமாவே தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துட்டார். எழுதிக் கொடுத்தது சங்கத்துக்கு இல்ல, உள்ளாட்சிக்கு. 2021ல தாம்பரம் மாநகராட்சி வந்ததுக்கப்புறம் அது மாநகராட்சி சொத்து, நாம வெறும் வேலி காக்குறவங்க. அதனால என்ன நட்டாலும் எழுத்துல பர்மிஷன் வாங்கிட்டு நடணும், கவுன்சிலர் வாய்வார்த்தையா "போடுங்க சார் நான் பாத்துக்குறேன்"னு சொன்னது அடுத்த எலக்‌ஷன் வரைக்கும்தான் செல்லும். இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைக்க வேண்டாம். நியூயார்க்ல 1973ல லிஸ் கிறிஸ்டின்னு ஒரு அம்மா கூட்டாளிங்களோட சேர்ந்து குப்பை கொட்டிக் கிடந்த ஒரு மனைய சுத்தம் பண்ணி தோட்டம் போட்டாங்க, அதப் பாத்து ஊர் முழுக்க நூத்துக்கணக்குல தோட்டம் வந்துச்சு, எல்லாம் பெரும்பாலும் மாநகராட்சி நிலம், 1999ல மேயர் அதுல 100க்கு மேல ஏலத்துக்கு விடக் கிளம்பிட்டார். கடைசி நேரத்துல அறக்கட்டளைங்க பணம் கட்டி வாங்கினதாலதான் அதுங்க தப்பிச்சுது. நமக்கு அப்படி யாரும் வரப்போறதில்ல, ஒரு பேப்பர் வாங்கி வெச்சுக்குங்க.

சரி, தனிப்பாத்தி. நான் முன்னாடி குடியிருந்த அப்பார்ட்மென்ட்ல இதத்தான் பண்ணோம், அதுதான் அந்த நாசமாப் போன தோட்டம். கேக்க ரொம்ப நியாயமா இருக்கும், ஆளுக்கு 10க்கு 4 அடி, அவங்கவங்க பாத்தி அவங்கவங்க பொறுப்பு, சண்டையே வராதுன்னுதான் ஆரம்பிச்சோம். மொத ரெண்டு மாசம் திருவிழாதான், சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் மண்வெட்டியோட கீழ வந்துடுவோம். மூணாவது மாசம் ஒருத்தர் பொண்ணு பிரசவத்துக்கு அமெரிக்கா போயிட்டார், ஆறு மாசம் அவர் பாத்தி கேப்பாரில்லாம கிடந்து கத்திரிச்செடில மாவுப்பூச்சி வெள்ளையா அப்பிக்கிச்சு, மாவுப்பூச்சிக்கு எது யாரோட பாத்தின்னு தெரியுமா, வரிசையா எல்லாத்துக்கும் பரவுச்சு. பயந்துபோன ஒருத்தர் உரக்கடைல கேட்டு ஏதோ மருந்து வாங்கிட்டு வந்து காலைல ஆறு மணிக்கே அடிச்சுட்டார், அடுத்த பாத்தில கீரை போட்டிருந்த அக்கா அன்னிக்குதான் கீரை பறிச்சு வீட்ல கைக்குழந்தைக்கு மசிச்சுக் கொடுத்திருந்தாங்க. அப்புறம் நடந்ததெல்லாம் எழுதி பிரயோஜனம் இல்ல. அடுத்த வாரம் பச்சை நெட் வேலி வந்துச்சு, பாத்திக்கு பாத்தி, பூட்டோட. நாலுக்கு பத்து அடிக்கு பூட்டு! பசங்க அங்க கத்துக்கிட்டது என்னன்னா "அது நம்ம பாத்தி இல்ல, தொடாத" அப்படிங்கறது ஒன்னுதான்.

தனிப்பாத்தி முறையே தப்புன்னு சொல்ல வரல. ஜெர்மனில நூறு வருஷத்துக்கு மேல ஓடுது, ஆனா அங்க அதுக்குன்னு 1983ல போட்ட தனிச்சட்டம் இருக்கு, ஒருத்தருக்கு 400 சதுர மீட்டருக்கு மேல கிடையாது, அதுல மூணுல ஒரு பங்காவது காய்கனி போடணும், போடலேன்னா கேள்வி வரும். சிங்கப்பூர்ல ரெண்டு மாதிரியும் வெச்சிருக்காங்க, 2005லருந்து குடியிருப்புக்குள்ள பொதுத்தோட்டம், அப்புறம் தனியா வேணுங்கறவங்களுக்கு பார்க்குகள்ல ரெண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் மேடைப்பாத்தி, மூணு வருஷத்துக்கு குத்தகை. மூணு வருஷம் முடிஞ்சா கைமாறணும். நம்ம நகர்ல ஒருத்தர்கிட்ட கொடுத்த பாத்திய மூணு வருஷம் கழிச்சு திரும்ப வாங்க முடியும்னு யாராவது நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க பாப்போம், கார் நிறுத்தற இடத்தையே வாங்க முடியல. இன்னொரு கணக்கும் இருக்கு, 3,600 அடில நடைபாதை, தண்ணித்தொட்டி, உரக்குழி, டிரான்ஸ்பார்மர் பக்கம் விட வேண்டிய இடம் எல்லாம் போக பாத்தியா வர்றது பாதி, வசதியா பிரிச்சா முப்பது பாத்தி தேறும், எங்க நகர்ல குடும்பம் அறுபது. மீதி முப்பது பேருக்கு பதில் யார் சொல்றது? வாடகைக்கு இருக்குறவங்களுக்கு உண்டா இல்லையான்னு கூட்டத்துலயே ஒருத்தர் கேட்டுட்டார், அந்தக் கேள்வி வந்த உடனே என் மனசுல இந்த ஆப்ஷன் செத்துடுச்சு.

மாடித்தோட்டப் பைய சீக்கிரம் முடிச்சுடலாம். தோட்டக்கலைத்துறை மானியத்துல பை, தேங்காநார்க்கழிவு, விதை எல்லாம் சேர்த்து கிட்டா கொடுத்திருக்காங்க, நல்ல விஷயம், வாங்குனவங்க நிறைய பேர் நல்லாவும் வளர்க்குறாங்க. வீட்டுக்கு நல்லது, ஆனா மாடி ஏறிட்டா அது அவங்க வீட்டு விஷயம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நடுவுல ஒன்னும் நடக்காது. இங்க பாதி பிளாட்ல மொட்டைமாடிக்கு சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கும், கீழ் வீட்டுக்காரர் சீலிங்ல ஈரம்னு ஆரம்பிச்சா கதை முடிஞ்சுது. பை கொடுக்கலாம், ஆனா தோட்டத்துக்குப் பதிலா இல்ல, தோட்டத்துல வேலை செஞ்ச பசங்க கைல நாத்தோட கொடுத்தா அது வேற மாதிரி போகும், அத அப்புறம் சொல்றேன்.

குட்டிக்காட்டுக்கு வர்றேன், ஏன்னா கூட்டத்துல அதிகமா கைதட்டல் வாங்குனது இதுதான். அகிரா மியாவாக்கின்னு ஜப்பான்காரர், 2021ல 93 வயசுல போயிட்டார், அவர் சொன்ன முறை என்னன்னா ஒரு மீட்டர் ஆழம் வரைக்கும் மண்ணக் கிளறி மக்கின உரம் எல்லாம் கலந்து சதுர மீட்டருக்கு மூணு நாலு கன்னுன்னு நெருக்கி நடணும், அந்தந்த ஊர் மரமா இருக்கணும், ரெண்டு மூணு வருஷம் தண்ணியும் களையும் பாத்தாச்சுன்னா அப்புறம் அதுவே பாத்துக்கும். சென்னைல 2020 வாக்குல கோட்டூர்புரத்துல மாநகராட்சி ஆரம்பிச்சு வெச்சது, அப்புறம் ஊர் முழுக்க பரவிடுச்சு. எங்க இடத்துக்கு கணக்கு போட்டா 334 சதுர மீட்டர், மீட்டருக்கு மூணுன்னாலே ஆயிரம் கன்னு. ஆயிரம்! காடு கட்சிக்காரங்க இத ஒரு பெருமையாவே சொன்னாங்க, எனக்கு கேக்கும்போதே ரெண்டு வருஷம் ஆயிரம் கன்னுக்கு யார் களை எடுப்பாங்கன்னுதான் ஓடுச்சு.

எனக்கு மரத்து மேல விரோதம் இல்ல. கோட்டூர்புரம் ஸ்டேஷன் பக்கத்துல அடையாறு கரைல ஒரு மரப்பூங்கா இருக்கு, 'நிழல்'னு மரங்களுக்காக வேலை செய்யுற ஒரு அமைப்பு தன்னார்வலர்கள வெச்சு வளர்த்தது, குப்பைமேடா கிடந்த இடம், அங்க போய் ஒரு மணி நேரம் சும்மா சுத்தி வந்தா நான் சொல்ல வர்றது புரியும், அது நெருக்கி நட்டு கதவ சாத்துன காடு இல்ல, வாரா வாரம் ஆளுங்க வந்து கை வெச்சு வளந்த இடம். மியாவாக்கில எனக்கு இருக்குற மொத சங்கடம், நம்ம கடற்கரைப் பக்கத்து இயற்கைக் காடு அப்படி நெட்டுக்கு வளர்ற காடே இல்ல. காசா, வீரை, உலக்கைப்பாலை, கருங்காலின்னு குட்டையா, இறுக்கமா, மெதுவா வளர்ற உலர் பசுமைக்காடு, புதுச்சேரிக்குப் பக்கத்துல ஆரோவில்ல 1968க்கு அப்புறம் வெறும் செம்மண் மேட்ல அந்த மாதிரி காட்டத் திரும்பக் கொண்டுவர ஒரு தலைமுறையே உழைச்சிருக்காங்க. நம்மாளுங்க அவசரத்துக்கு நர்சரில கிடைக்கிறத வாங்கி நட்டுட்டு மியாவாக்கின்னு போர்டு வெச்சுடுறாங்க. நாலு வருஷம் முன்னாடி பக்கத்து நகர்ல ஒரு கம்பெனி சிஎஸ்ஆர்னு, அதான் சமூகப் பொறுப்பு நிதின்னு, வந்து ஒரே நாள்ல முன்னூறு கன்னு நட்டாங்க, பசங்களுக்கு தொப்பி, பச்சை டீசர்ட், போட்டோ, எல்லாம் முடிஞ்சு மதியம் சாம்பார் சாதம். சாயங்காலம் தண்ணி ஊத்த ஆள் இல்ல. மார்ச்ல போய் பாத்தப்போ போர்டு மட்டும் நல்லா இருந்துச்சு.

ரெண்டாவது சங்கடம்தான் முக்கியம். காடு நல்லபடியா வந்துட்டதாவே வெச்சுக்குவோம், மூணாவது வருஷம் உள்ள ஒரு குழந்தை நுழைய முடியாது. நெருக்கம்தான் அதோட வெற்றியே. வெளிய நின்னு பாக்கலாம், நிழல் வரும், குருவி வரும், வெக்கை குறையும், எல்லாம் சரி, ஆனா பசங்க கைக்கு வேலை இல்ல. நாம தேடுறது பசங்க கத்துக்க ஒரு இடம், அதுக்கு தினமும் ஏதாவது ஒன்னு கெட்டுப்போய் அத சரி பண்ற மாதிரி இருக்கணும். அப்புறம் பாம்பு. சிரிக்காதீங்க, கூட்டத்துல இந்த ஒரு வார்த்தைக்குதான் பாதிப்பேர் கட்சி மாறுனாங்க. சாரைப்பாம்பு எலி திங்கத்தான் வரும், ஒன்னும் பண்ணாதுன்னு நான் சொன்னா எதிர் வீட்டு பாட்டி என்னைப் பாத்த பார்வை இருக்கே.

பொதுத்தோட்டம். ஓரளவு ஓடுச்சுன்னு சொன்னேன்ல, அது ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல, தேசிய பசுமைப் படைன்னு 2001லருந்து இருக்குற மாணவர் மன்றத்துக்கு ரெண்டு வருஷம் சனிக்கிழமை போய் கை கொடுத்தேன். அங்க மொத நாள் நடந்தத சொல்லணும். தோட்டம் போட வேண்டிய இடம் முழுக்க முழங்கால் உயரம் புல்லு பூண்டு, நான் பெரிய மேதாவி மாதிரி எல்லாத்தையும் புடுங்கி எறிங்கடான்னு சொல்லிட்டேன், சத்துணவுல சமைக்கிற அக்கா பாத்திரத்த கவுத்து வெச்சுட்டு ஓடி வந்து "சார் சார் அத எறியாதீங்க, அது மூக்கிரட்டை, இந்தாண்ட நிக்கிறது தொய்யக்கீரை, அது பண்ணைக்கீரை, எங்கூர்ல இதத்தான் கடைஞ்சு திம்போம்"னு ஒவ்வொன்னா கிள்ளி பசங்க கைல கொடுத்து மோந்து பாருங்கடான்னாங்க. கீழாநெல்லிய இலைக்குக் கீழ திருப்பி சின்னச்சின்னதா தொங்குற காயக் காட்டுனப்போ ஏழாங்கிளாஸ் பையன் ஒருத்தன் வாயப் பொளந்து நின்னான். பதினஞ்சு நிமிஷத்துல ஒன்பது செடி பேரு. எனக்கு அதுல மூணுதான் தெரியும். அந்த அக்காவுக்கு அந்த ஸ்கூல்ல அதுவரைக்கும் யாரும் நாற்காலி போட்டதில்ல, அன்னியிலருந்து சனிக்கிழமை கிளாஸ் அவங்கதான்.

எங்க நகர்லயும் அப்படி ஆளு இருக்காங்க, நாமதான் கேட்டதில்ல. மூணாவது தெரு பிளாட் வாட்ச்மேன் அண்ணன் திண்டிவனம் பக்கம், ரெண்டு ஏக்கர் மணிலா, அதான் வேர்க்கடலை, போட்டவர், வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்கள்ல நாலு பேர் நாத்து நட்டவங்க. தனிப்பாத்தின்னா அவங்களுக்கு பாத்தி கிடையாது, காடுன்னா காண்ட்ராக்டர் வருவார், மாடின்னா நீங்க வீடியோ பாத்து வளர்ப்பீங்க. பொதுத்தோட்டத்துல மட்டும்தான் இவங்க வாத்தியார் ஆகுறாங்க. என் ஓட்டு இங்க விழறதுக்கு இது ஒரு காரணமே போதும், ஆனா இதுல இருக்குற ஓட்டையையும் சொல்லிடுறேன்.

பெரிய ஓட்டை, ஸ்கூல் காலண்டர். ஜூன்ல ஸ்கூல் திறக்கும், ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொன்னது அப்படியே பொருந்தும், ஆடில வெண்டை, கத்திரி, கொத்தவரைன்னு போட்டா வெண்டை ஒன்னரை மாசத்துல காய்க்க ஆரம்பிச்சுடும், கீரை இருபத்தஞ்சு நாள், காலாண்டு பரிச்சைக்குள்ள பசங்க கைல அறுவடை. ஐப்பசி கார்த்திகை மழைல எங்க ஏரியாவுல ஒன்னும் பண்ண முடியாது, தண்ணி நிக்கும், அந்த நேரத்துல வடிகால் வெட்டுறது, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு சுண்ணாம்புப்பொடி போட்டு பாக்குறது, அதுவே ஒரு பாடம். பொங்கலுக்கு முன்னப்பின்ன தைப்பட்டம், முள்ளங்கி நாப்பத்தஞ்சு நாள், தக்காளி, அவரை, முழுப்பரிச்சைக்குள்ள முடிஞ்சுடும். அப்புறம் வருது மே மாசம். பசங்க ஊருக்குப் போயிடுவாங்க, அக்னி நட்சத்திரம், போர் தண்ணி கீழ இறங்கும், பொதுத்தோட்டங்கள் சாவுறது இந்த மாசத்துலதான். 2019 கோடைல சென்னை ஏரிங்க வறண்டு லாரிக்குப் பின்னாடி குடத்தோட ஓடுன வருஷம் ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி வருஷத்துல செடிக்கு தண்ணி ஊத்துறவன அக்கம்பக்கத்துல அடிக்க வருவாங்க, வரணும்தான். அதனால மே மாசம் பாத்தில பயிரே வேண்டாம், தட்டைப்பயறு, சணப்பை மாதிரி ஏதாவது ஏப்ரல்லயே தூவி அத மடக்கி அப்படியே மூடாக்கா விட்டுடலாம், காஞ்ச இலை மேல ஒரு சாண் போட்டா மண்ணு ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும். மரத்துக்கும் முருங்கைக்கும் மட்டும் தண்ணி.

தண்ணின்னு சொன்ன உடனே ஆர்ஓ வேஸ்ட் தண்ணிய விடலாமேன்னு ஒருத்தர் கேட்டார், நம்ம போர் தண்ணியே உப்பு, ஆர்ஓ கழிக்கிறது அத விட உப்பு, அதையே தினம் விட்டா மண்ணு மேல வெள்ளையா பூத்துடும், வேண்டாம். துணி அலசுன தண்ணிய கல்வாழை வரிசை வழியா விட்டு வாழைக்கு கொண்டு போகலாம், அது சரியா வரும். டிரம்முக்கு கண்டிப்பா வலை மூடி, இல்லேன்னா டெங்கு செக் பண்ண வர்றவங்ககிட்ட மொத ஆளா நாமதான் மாட்டுவோம்.

அடுத்த ஓட்டை, பொதுன்னா யாருடையதும் இல்ல. அறுவடைய யார் எடுத்துட்டுப் போறதுங்கறதுலதான் பொதுத்தோட்டம் உடையும். ஸ்கூல்ல நாங்க வெச்ச வழக்கம் ரொம்ப சிம்பிள், அன்னிக்கு மண்ணுல கை வெச்சவங்க அன்னிக்கு பறிச்சத கூறு போட்டு எடுத்துக்குவாங்க, மீதி சத்துணவு சட்டிக்கு. எடை, தராசு, கணக்கு ஒன்னும் கிடையாது, நோட்டுல பேர் மட்டும். ஒரு தடவை முழு வருஷத்துக்கும் முள்ளங்கி மொத்தம் பதினோரு எண்ணம்தான் வந்துச்சு, ஏன்னா ஒருத்தன் தினமும் ஒன்ன இழுத்துப் பாத்துட்டு திரும்ப குழில சொருகிட்டு இருந்தான், அது வளரும்னு நம்பிக்கை. அவன திட்டல, ரெண்டாவது வருஷம் முள்ளங்கிக்கு அவன்தான் காவல்.

கறிவேப்பிலைக் கதைய சொல்லாம விட முடியாது. செடில காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்குன்னு ஒரு பொண்ணு குச்சியால தட்டப் போச்சு, அது நகந்துச்சு. புழு. நாலு நாள்ல பச்சையாயிடுச்சு, பாதி செடி காலி. ஒரு டீச்சர் வேப்பெண்ணெய் அடிச்சுடலாம்னாங்க, லிட்டருக்கு அஞ்சு மில்லி, கொஞ்சம் சோப்புத்தண்ணி, அதுதான் எங்க வழக்கம், பசங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சுட்டாங்க, ரசத்துக்கு கறிவேப்பிலை வேணும்னு ஒரு கட்சி, பட்டாம்பூச்சி வரும்னு ஒரு கட்சி, அரை மணி நேரம் சட்டசபை மாதிரி. கடைசில அவங்களே முடிவு பண்ணாங்க, இருக்குற மூணு செடில சுவரோரம் இருக்குறது புழுவுக்கு, மீதி ரெண்டுல வர்ற புழுவையும் பொறுக்கி அங்க கொண்டு விடணும். கூடு கட்டி பத்து நாள் கழிச்சு திங்கக்கிழமை காலைல பிரேயர் நேரத்துல கருப்பு றெக்கையோட ஒன்னு வெளிய வந்து காயுறதுக்கு தொங்கிட்டு இருந்துச்சு, அன்னிக்கு தேசிய கீதத்துக்கு அப்புறம் வரிசை கலையவே இல்ல. நாம மேடை போட்டு சுற்றுச்சூழல் பத்தி எவ்ளோ பேசுனாலும் அந்த மூணு செடி கணக்க யாராலயும் சொல்லித்தந்திருக்க முடியாது. தனிப்பாத்தின்னா இந்நேரம் அந்த வீட்டு அம்மா மருந்து அடிச்சிருப்பாங்க, அவங்க செடி அவங்க உரிமை.

செலவப் பத்தி கூட்டத்துல பெருசா பேசுனாங்க, நான் சின்னதா சொல்லிடுறேன். காட்டுக்குதான் மொதல்ல அதிகம், ஜேசிபி, வண்டி வண்டியா உரம், ஆயிரம் கன்னு. தனிப்பாத்திக்கு வேலி, குழாய் இழுக்குற செலவு. பொதுத்தோட்டத்துக்கு ஜல்லிய அள்ளி கருவேலத்த வேரோட எடுக்குறதுதான் செலவு, அது எந்த ஆப்ஷனுக்கும் உண்டு, மத்ததெல்லாம் ஆள் வரணுங்கற செலவு, அத ரூபாய்ல போட முடியாது.

என் சிபாரிசு இதுதான், ஆனா வரிசை முக்கியம். மொதல்ல தோட்டமே வேண்டாம், உரக்குழி. மூணு அடிக்கு மூணு அடில ரெண்டு தொட்டி, காத்துப்போக இடைவெளி விட்ட செங்கல்ல, நாலு மாசம் அறுபது வீட்டு காய்கறிக்கழிவ அங்க கொண்டு வரச்சொல்லுவோம், எல்லாரும் தர மாட்டாங்க, பதினஞ்சு வீடு தந்தா போதும். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு ரெண்டு பங்கு காஞ்ச இலை, நடுநடுவுல புளிச்ச மோர் தெளிச்சு வாரத்துக்கு ஒரு தடவை கிளறுனா நாத்தம் வராது, நாத்தம் வந்தா இலை பத்தலைன்னு அர்த்தம். ரோட்ல இலைய கூட்டி கொளுத்துறது அன்னிக்கே நின்னுடும், அது ஒன்னே லாபம். இந்த நாலு மாசத்துல யார் வர்றாங்க, யார் பேச்சோட சரின்னு தெரிஞ்சுடும், தோட்டத்துக்கு கமிட்டி எலக்‌ஷன் தேவையே இல்ல, வாளியோட வந்தவங்கதான் கமிட்டி. பொதுத்தோட்டம் ஓடாதுன்னு தெரிஞ்சா உரத்த எடுத்துக்கிட்டு கௌரவமா நிறுத்திக்கலாம், ஆயிரம் கன்ன நட்டுட்டு அப்படி நிறுத்த முடியாது.

அது ஓடுச்சுன்னா ஆடில பாத்தி, இடத்துல பாதிக்கு மேல வேண்டாம். டிரான்ஸ்பார்மர் பக்கம் ஒன்னும் நடாம சுத்துச்சுவர் ஓரமா மட்டும் புங்கன், மகிழம், நாவல், முருங்கைன்னு பதினஞ்சு மரம், நிதானமா இடைவெளி விட்டு, காடு கட்சிக்காரங்க ஆளுக்கு ரெண்டு மரம்னு எழுதி வாங்கிக்கணும். பள்ளம் இருக்குற மேற்கு மூலைய பள்ளமாவே விடணும், மண்ணு கொட்டி மேடாக்க வேண்டாம், தண்ணி அங்கதான் போகுது, அதப் பாக்கத்தான பசங்க வரணும். தை மாசம் நாத்து மிஞ்சுனா வாரம் தவறாம வந்த பசங்களுக்கு பையோட கொடுத்து மாடிக்கு அனுப்பலாம், பை கட்சியும் சந்தோஷம். பார்க்கிங் கட்சிக்கு என்கிட்ட ஒன்னும் இல்ல.

மே மாச தண்ணிக்கு மட்டும் இப்பவே பேர் வேணும். வால்வு சாவி இப்போ ரெண்டாவது தெரு பிளாட் செகரட்டரிகிட்ட இருக்கு, அவர் மே மாசம் கும்பகோணம் போயிடுவார், சாவியும் கூடவே போயிடும். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேட்டேன், காலைல அஞ்சரைக்கு அரை மணி நேரம் விட முடியும்னார், மாசம் எவ்ளோ கொடுப்பீங்கன்னும் கேட்டார், நியாயம்தான். அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நாலு ஆப்ஷனுக்கு கை தூக்குறதுக்கு முன்னாடி அந்த தொகைய முடிவு பண்ணி இன்னொரு சாவி வெட்டி அவர் கைல கொடுத்துட்டு ஆரம்பிங்க.